அம்மாவுக்கு அரை மணி நேரம் எங்கிருந்து வரும்?

வயதுவந்தவர்களின் உடல் இயக்கம் குறித்து ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழ் 2024 ஜூனில் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவுக்குக் கிடைத்த மதிப்பெண் மோசமானது. 2000இல் வயதுவந்த இந்தியர்களில் ஏறக்குறைய 22% பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. 2022இல் அது கிட்டத்தட்ட 50% ஆகிவிட்டது. ஆண்களில் 42%, பெண்களில் 57%. இதே போக்கில் போனால் 2030இல் 60%ஐத் தொடலாம் என்கிறது அந்த ஆய்வு. வழக்கம்போல் சோம்பல், கைபேசி, எண்ணெய்ப் பலகாரம் என்று மூவர் மீது பழி விழுந்தது. ஆனால், வேலைக்குப் போகும் பெற்றோரிடம், அதிலும் தாய்மார்களிடம், ஏன் நடக்கப் போவதில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “நேரம் எங்கே இருக்கிறது?” சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாமல் அந்தப் பதிலை ஒரு வரவு செலவுக் கணக்காக எடுத்துப் பார்த்தால், உடற்பயிற்சி குறித்து நாம் வழங்கிக்கொண்டிருக்கும் அறிவுரைகளில் பாதி, கேட்பவருக்கு உதவாதவை என்பது தெரிந்துவிடும்.

ஐந்தரை முதல் எட்டு வரை

உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது ஒன்றும் மலையேற்றம் அல்ல. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கம், வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான இயக்கம் என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு வேகம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். தாளில் பார்த்தால் எளிது. இந்த அரை மணி நேரத்தை எல்லோரும் தேடச் சொல்வது விடியற்காலையில். வேலைக்குப் போகும் தாயின் விடியற்காலை எப்படி இருக்கிறது? ஐந்தரைக்கு மோட்டார் போட்டு, பால் காய்ச்சி, ஒரு அடுப்பில் இட்லிக் குண்டான், மறு அடுப்பில் மதியத்துக்கான குழம்பு. பிள்ளைக்கு இடைவேளைக்கு ஒரு டப்பா, மதியத்துக்கு ஒரு டப்பா, பெரியவர்களுக்கு இரண்டு. நடுவில் கையெழுத்துப் போடாத டைரி, ஜோடி கிடைக்காத சாக்ஸ். ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும்போதுதான் அவர் குனிந்த தலையை நிமிர்த்துகிறார். எட்டேகாலுக்கு அவருக்கே பேருந்து. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்கு நேரம் இன்னும் முன்னால் நகரும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை பார்ப்பவருக்கு இரவு பத்து மணி வரை அமெரிக்க வாடிக்கையாளரின் அழைப்பு நீளும்.

இதற்குத் தேசிய அளவில் எண்களும் இருக்கின்றன. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இடைவெளி 201 நிமிடங்கள். வாரம் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச உடற்பயிற்சி 150 நிமிடங்கள்தான். அதைவிட அதிகமான நேரத்தை ஒரே நாள் வித்தியாசம் விழுங்கிவிடுகிறது. குழந்தைகள், முதியோரைக் கவனித்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அதிலும் பெண்களுக்கு 137 நிமிடங்கள், ஆண்களுக்கு 75. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 88 நிமிடங்கள் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி. கையே வைக்காதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 2019 கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஏதோ ஒன்றைச் செய்த ஆண்கள் நால்வரில் ஒருவர்தான்.

ஆகவே, தாயின் அரை மணி நேரம் காணாமல் போகவில்லை. அது வீட்டில், அலுவலகத்தில், சாலையில் என்று யார் யாருக்கோ ஏற்கெனவே பட்டுவாடா ஆகிவிட்டது. அவரிடம் போய் “மனசு வைத்தால் முடியும்” என்று சொல்வதில் பயனில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும். தந்தையரின் நிலையும் எல்லா வீட்டிலும் சொகுசானது இல்லை; இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் ஓட்டுநருக்கும் ஓவர்டைமை நம்பிக் குடும்பம் நடத்தும் தொழிலாளிக்கும் இதே நெருக்கடி உண்டு. ஆனால், காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் சுதந்திரம், சராசரியாக, ஆணுக்கே அதிகம் என்பதை எந்தப் பூங்காவிலும் ஆறு மணிக்குப் போய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அவசரம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர், அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். தேசிய சராசரி 11.4%. நம்மவர்களுக்கு இந்நோய் பெரும்பாலும் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது. கடனும் கல்விக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் அதே ஆண்டுகள்.

தாய்மார்களுக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்ற தாய்மார்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஏழு மடங்கு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையை 2007இலேயே கொண்டுவந்த முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. ஆனால், பிரசவம் முடிந்து தாய் சேய் நலமாக வீடு திரும்பியதும் அந்த எச்சரிக்கை குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் மறைந்துபோகிறது. “தினமும் நடங்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று யாரும் கேட்பதில்லை.

நடப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட’ ஆய்வு, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தவர், வேலைக்குப் போகிறவர்கள், 35 முதல் 55 வயதினர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55% பேருக்கு மூன்றாண்டில் நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கப் பழக்கப்பட்ட பிரிவினரில் அது 39%. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் லாபம் இல்லை. நடையும் அளவான சாப்பாடும் ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலைசெய்கின்றன என்றால், அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ள வசதி செய்துகொடுப்பதும் மருத்துவத்தின் பகுதிதானே?

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு எல்லா வீட்டிலும் கேட்பது: வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே? அந்தக் காலத்தில் யார் ஜிம்முக்குப் போனார்கள்? இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேகமாகச் செய்யும் எந்த வேலையும் கணக்கில் சேரும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால், அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் போன பிறகு, இன்றைய வீட்டு வேலையில் பெரும்பகுதி நிற்பதும் குனிவதும் நாலு தப்படி நடப்பதும்தான். உடம்பு களைக்கிறது, இதயத் துடிப்பு ஏறுவதில்லை. தியாகராய நகர்த் துணிக்கடையில் பகல் முழுவதும் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுதான் மிச்சம். அவர்கள் உட்கார்வதற்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபுறம், 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்கிற மருத்துவர் லண்டனின் மாடிப் பேருந்துகளில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வை நினைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. இரு தரப்பும் ஒரே பேருந்தில்தான் உழைத்தார்கள். உழைப்பு எவ்வளவு என்பதோடு, எந்த மாதிரி உழைப்பு என்பதும் முக்கியம். மூச்சு வாங்கவைக்கும் இயக்கமே இதயத்துக்குக் காவல்.

இரண்டாவது, “நாலரைக்கு எழுந்திருங்களேன்” என்கிற வெற்றியாளர்களின் அறிவுரை. சமூக வலைதளக் காணொளிகளில் இதைச் சொல்பவர்களின் வீட்டில் காலைச் சட்னியை யார் அரைக்கிறார்கள் என்பது மட்டும் காட்டப்படுவதில்லை. பதினொரு மணிக்குப் படுக்கும் தாய் நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். குறைந்த தூக்கம் பசியைக் கூட்டும், சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் குலைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரு சட்டைப்பையில் இருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டு வருமானம் என்று சொல்கிற கதை. சீக்கிரம் படுக்க வழி இருக்கிறவர்கள் சீக்கிரம் எழட்டும். மற்றவர்கள் தூக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு தாய்மார்களின் மனதுக்குள் இருப்பது. பிள்ளைக்கு நாளை தேர்வு, மாமியாருக்கு மருந்து. இந்த நேரத்தில் தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது சுயநலம் இல்லையா? பிள்ளைகளைக் காரணம் காட்டி வரும் இந்தத் தயக்கத்துக்குப் பிள்ளைகளின் பக்கமிருந்தே பதில் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் நாட்டில், பெற்றோரே அசையாமல் இருக்கும் வீட்டில், அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? அம்மா இறகுப்பந்து மட்டையைக் கையிலெடுத்தால் பிள்ளையின் கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது.

சில்லறையும் செல்லும்

நல்ல சேதி ஒன்று உண்டு. அது போதிய அளவு மக்களிடம் போய்ச் சேரவில்லை. உடற்பயிற்சி ஒரே தவணையில் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்கிற பழைய நிபந்தனையை உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் நீக்கிவிட்டது. எத்தனை நிமிடமானாலும் கணக்கில் சேரும். பிரிட்டனில், உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,000க்கும் மேற்பட்டோரின் கையில் அசைவுமானியைக் கட்டிப் பார்த்த ஆய்வு 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடுவது, படியில் விறுவிறுவென ஏறுவது என்று ஒன்றிரண்டு நிமிட வேக இயக்கம் நாளுக்கு மூன்று முறை இருந்தவர்களுக்கு, அதுகூட இல்லாதவர்களைவிட இறப்பு விகிதம் ஏறக்குறைய 40% குறைவு. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான். ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள்தான் ஓடியிருப்பார்கள் என்று வாதிட இடமிருக்கிறது. அதற்காக ஒதுக்கிவிட முடியாது. அதேபோல், வார நாட்களில் முடியாமல் ஓரிரு நாளில் 150 நிமிடங்களை முடிப்பவர்களுக்கும் இதய நலன் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கிறது என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஞாயிறு மட்டுமே விடுப்பு உள்ளவர்களுக்கு இது ஆறுதல். ஞாயிற்றுக்கிழமையை வாரத் துணி துவைக்கும் நாளாக வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஆறுதலும் அம்மாவைத் தாண்டித்தான் போகும்.

இந்தச் சில்லறையை எங்கே பொறுக்குவது? டியூஷன், கராத்தே, பரதநாட்டிய வகுப்புகளின் வாசலில் மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் தெரியும். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, இருசக்கர வண்டியின் மேல் உட்கார்ந்தபடி, முக்கால் மணி நேரம் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் பெற்றோர் வரிசை. யாரும் புதிதாகத் தர வேண்டியிராத, ஏற்கெனவே கையில் இருக்கும் நேரம் இது. வாரத்தில் மூன்று வகுப்பு என்றால் நூறு நிமிடத்துக்கு மேல் தேறும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாகப் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும். தசை வலுவுக்கு இயந்திரம் வேண்டாம். தோப்புக்கரணம் இருக்கிறது, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் இருக்கிறது, குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இரண்டும் முடியும். மூட்டுவலி இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆனால், சில்லறையைக் காட்டியே முழு நோட்டைக் கேட்காதே என்று சொல்லிவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் நலம் விரும்பிகள் பலரும் சறுக்குகிறார்கள். படியேறுங்கள், சமைத்துக்கொண்டே குதிகாலைத் தூக்குங்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டு, தந்தைக்கு மட்டும் ஒரு மணி நேர முழு நடையை விட்டுவைப்பது நியாயமாகாது. தனக்கென்று, யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் மனதுக்கும் வேண்டும்.

யார் என்ன தரலாம்

வீட்டில் தொடங்கலாம். வாரத்தில் மூன்று காலைகள் சமையலறையும் வேன் வரை பிள்ளையும் அப்பாவின் பொறுப்பு என்று எழுதி, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்துவிட வேண்டும். ‘உதவி’ செய்வதாக இருந்தால் நடக்காது. அன்றைக்கு டிபன் பாக்ஸில் என்ன என்பதை முடிவுசெய்வதும் அவராகவே இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாதம் மட்டுமே வருகிறது என்று பிள்ளை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அடுக்ககத்திலோ தெருவிலோ இரண்டு மூன்று வீடுகள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்து, வேலை தருபவர். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர இடைவேளை என்பது தொழிற்சாலைச் சட்டம் வகுத்த விதி. கை கழுவ வரிசை, சாப்பிட வரிசை என்று அது போய்விடுகிறது. கால் மணி நேரம் கூட்டி, ஆலை வளாகத்துக்குள் நிழலான ஒரு நடைபாதை போட்டால் உற்பத்தி குடிமுழுகிவிடாது. அலுவலகங்களில் ஜிம் இருக்கிறதே என்பார்கள். காலி நாற்காலி இருக்கிறது, உட்கார நேரம்தான் இல்லை என்கிற கதைதான் அதுவும். மாலை ஆறரை முதல் எட்டரை வரை கூட்டம் வைப்பதில்லை என்கிற ஒரு விதி, ஜிம் உறுப்பினர் கட்டணத்தைவிட மலிவு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அது ஏட்டளவில் இல்லாமல் நடக்கிறதா என்று தொழிலாளர் துறை பார்க்க வேண்டும். வேலை நேரமே ஒரு சுகாதாரக் கொள்கைதான். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் கூலியும் ஓய்வும் பேசப்பட்ட அளவுக்குத் தொழிலாளியின் உடம்பும் வீடும் பேசப்பட்டிருக்க வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால், எட்டு கிலோமீட்டரைச் சாதாரண நடையில் முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் வரும் நேரம் தனி. சிறு பிள்ளை உள்ள பெற்றோருக்குத் தேவை வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஒரு கிலோமீட்டர்: வெளிச்சமுள்ள, நாய்த் தொல்லையில்லாத, மின்பெட்டியும் நிறுத்திய வண்டிகளும் மறிக்காத நடைபாதை. பாதசாரிகளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014லேயே ஏற்றுக்கொண்டது. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, இடம் கொடுத்தால் நம் மக்கள் நடப்பார்கள் என்பதும் தெரிந்தது. கடைவீதிக்குக் கிடைத்ததில் கால்வாசியாவது குடியிருப்புத் தெருக்களுக்கும் கிடைக்கட்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: “நீங்கள் நடக்கப் போகும்போது வீட்டை யார் பார்த்துக்கொள்வார்?” கர்ப்ப கால நீரிழிவு இருந்த தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ஆலோசனை வழங்கும்போது கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே பேச வேண்டும்.

உடனே செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத ஒன்று பள்ளி மைதானங்களைத் திறந்துவிடுவது. மாலை நான்கரை மணிக்குப் பூட்டப்படும் அரசு, மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை ஏழரை மணி வரை அந்தப் பகுதிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். பிள்ளை நடுவில் விளையாடும், பெற்றோர் ஓரத்தில் சுற்றி நடப்பார்கள்; பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியதில்லை. பாதுகாப்பு, குப்பை, வெளியாட்கள் என்று தலைமை ஆசிரியர்களுக்குக் கவலை இருப்பது இயல்பு. வகுப்பறைக் கட்டடத்துக்குத் தனிப் பூட்டு, மைதானத்துக்கு இரண்டு விளக்குகள், மாலை நேரத்துக்கு மட்டும் ஒரு காவலர், பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமே ஒப்படைப்பது என்று இதைச் சமாளிக்கலாம். வரும் கல்வியாண்டில் வார்டுக்கு ஒரு பள்ளி என்று தொடங்கி, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, விளக்கையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும்.